பத்தாம் வகுப்பு, பிளஸ் 2-வில் மாணவிகள் முந்துவது ஏன்? அதன்பிறகு என்ன ஆகிறது? - கம்பம் பள்ளத்தாக்கு நிலவரம், முழு விளக்கம்

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் தேர்வு முடிவுகள் வரும்போது ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை. 'வழக்கம்போல் மாணவிகளே அதிக தேர்ச்சி' என்பதுதான் அது. தேனி மாவட்டமும் இதற்கு விதிவிலக்கு அல்ல. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி என எந்த ஊர் அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும், முதல் சில இடங்களில் பெரும்பாலும் மாணவிகளின் பெயர்கள்தான் இருக்கும்.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே ஊர்களில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்டவர்கள் அதிகம். இன்றைக்கு அதே வீடுகளில், "பொண்ணு நல்லாப் படிக்குது, பையன்தான் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான்" என்ற புலம்பல் கேட்கிறது. நடுவில் என்ன நடந்தது? மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள்? தேர்வில் ஜெயித்த மாணவிகள் வாழ்க்கையிலும் ஜெயிக்கிறார்களா? விரிவாகப் பார்க்கலாம்.

எண்கள் சொல்வது என்ன?

முதலில் தமிழ்நாடு அளவிலான பிளஸ் 2 தேர்ச்சி சதவீதம்:

• 2022: மாணவிகள் 96.32, மாணவர்கள் 90.96
• 2023: மாணவிகள் 96.38, மாணவர்கள் 91.45
• 2024: மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37
• 2025: மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16

அடுத்து பத்தாம் வகுப்பு:

• 2022: மாணவிகள் 94.38, மாணவர்கள் 85.83
• 2023: மாணவிகள் 94.66, மாணவர்கள் 88.16
• 2024: மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58
• 2025: மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, நான்கு ஆண்டுகளிலும் மாணவிகளே முன்னிலை. இரண்டு, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. பத்தாம் வகுப்பில் 2022-ல் 8.55 புள்ளியாக இருந்த வித்தியாசம், 2025-ல் 4.14 ஆகிவிட்டது. பிளஸ் 2-வில் 5.36-லிருந்து 3.54 ஆகியிருக்கிறது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

இல்லை. இதே கணக்கைத் தோல்வியின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் மாறுகிறது. 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் 100 மாணவிகளில் சுமார் 4 பேர் தோல்வி. 100 மாணவர்களில் சுமார் 8 பேர் தோல்வி. அதாவது மாணவர்களின் தோல்வி விகிதம் மாணவிகளைப் போல இரண்டு மடங்கு. பிளஸ் 2-விலும் இதே கதைதான்: மாணவிகள் சுமார் 3 பேர், மாணவர்கள் சுமார் 7 பேர்.

தேர்ச்சி 90 சதவீதத்தைத் தாண்டிவிட்ட பிறகு, இரண்டு பக்கமும் உச்சவரம்பான நூறை நெருங்குவதால் இடைவெளி தானாகவே சின்னதாகத் தெரியும். ஆனால் தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணினால், அதில் பையன்கள்தான் அதிகம்.

சதவீதத்துக்குள் வராதவர்கள் யார்?

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. தேர்வு அறைக்கே வராத பிள்ளை அதில் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையும் இல்லை.

இது சின்ன விஷயம் அல்ல. 2023 மார்ச்சில் பிளஸ் 2 தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50 ஆயிரம் பேர் வராமல் போனது பெரிய செய்தியானது. கொரோனா காலத்தில் தேர்வே இல்லாமல் மேல் வகுப்புக்கு வந்து, பிறகு வேலைக்குப் போய்விட்டவர்களின் பெயர்கள் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் தொடர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் இலவச, கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் தோல்வி என்று நிறுத்தி வைப்பதில்லை. ஆக, சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடும். அங்கேதான் முதல் அடி விழுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில்தான் நிறையப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நழுவுகிறார்கள்.

ஒரே வீட்டில் மூன்று தலைமுறை

தேனி மாவட்டம் 1990-களின் பிற்பகுதியில் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை சுமார் 12.46 லட்சம். எழுத்தறிவு சுமார் 77 சதவீதம். அப்போதைய மாநில சராசரி 80 சதவீதம். அதாவது தேனி கொஞ்சம் பின்னால்தான் இருந்தது.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். 13 புள்ளி வித்தியாசம். தேர்வில் பெண் பிள்ளைகள் முந்துகிறார்கள், எழுத்தறிவில் பெண்கள் பின்தங்குகிறார்கள் என்றால் இது முரண்பாடு இல்லையா?

முரண்பாடு இல்லை. எழுத்தறிவுக் கணக்கில் பாட்டியும் இருக்கிறார், அம்மாவும் இருக்கிறார். தேர்ச்சி சதவீதத்தில் பேத்தி மட்டும்தான் இருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பாட்டி கைநாட்டு, அம்மா எட்டாம் வகுப்பு, மகள் டிகிரி. 1951-ல் இந்தியப் பெண்களின் எழுத்தறிவு 8.86 சதவீதம் மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இந்தப் பகுதிக்கு இன்னொரு வேதனையான பின்னணியும் உண்டு. பெண் சிசுக்கொலை குறித்து 1980-களில் நாடு முழுவதும் பேசப்பட்ட உசிலம்பட்டி, தேனிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களில் தேனியும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் தேனியில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 900-க்கும் கீழே இருந்தது. 2011-ல் அது 930-ஐத் தாண்டியது.

2001-ல் பிறந்த பெண் குழந்தைகள் 2019-ஐ ஒட்டி பிளஸ் 2 முடித்தவர்கள். பிறப்பதே கேள்விக்குறியாக இருந்த ஒரு பகுதியில் பிறந்தவர்கள்தான் இன்றைக்குத் தேர்ச்சிப் பட்டியலில் முன்னால் நிற்கிறார்கள்.

பள்ளி எப்படிப் பக்கத்தில் வந்தது?

இந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது முக்கியமான காரணம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் தொடக்கம் பிரிட்டிஷ் காலம், 1920-கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையோடு சேர்ந்து வந்த ஏற்பாடு என்றாலும், மற்ற பள்ளிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு அந்தப் பள்ளிகளும் விடுதிகளும் போய்ச் சேர்ந்தன.

1982-ல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இன்னொரு திருப்பம். தோட்ட வேலைக்கும் வயல் வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பும் அம்மாவுக்கு, மதியம் பிள்ளை சாப்பிடும் என்ற உறுதி கிடைத்தது. அதன்பிறகு இலவசப் பேருந்து அட்டை, பாடப்புத்தகம், சைக்கிள் என்று ஒவ்வொன்றாக வந்தன.

சைக்கிள் கதை சுவாரசியமானது. தமிழ்நாட்டில் 2001-02-ல் முதலில் அது பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத்தான் கொடுக்கப்பட்டது. பிறகுதான் மாணவர்கள் உட்பட எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு நடந்து போக அனுமதிக்காத வீடுகள், தோழிகளோடு சேர்ந்து சைக்கிளில் போக ஒப்புக்கொண்டன. பீகாரில் 2006-ல் இதேபோல் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்தபோது, உயர்நிலை வகுப்புகளில் மாணவிகளின் சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடியதாக ஆய்வில் தெரியவந்தது.

மாணவிகள் ஏன் முந்துகிறார்கள்?

'பெண்களுக்கு இயற்கையிலேயே பொறுப்பு அதிகம்' என்பது வழக்கமான பதில். ஆனால் அதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. மூன்று காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, வாசிப்பு. 2022-ல் நடந்த பன்னாட்டு பீசா தேர்வில், வளர்ந்த நாடுகளின் சராசரியில் வாசிப்பில் மாணவிகள் 24 புள்ளிகள் முன்னால் இருந்தார்கள். இந்தியாவில் 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட 2023 அசர் ஆய்வில், தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் பெண்களில் 76 சதவீதம், ஆண்களில் 70.9 சதவீதம். வாசிக்க முடிந்த பிள்ளை எல்லாப் பாடத்திலும் 35 மதிப்பெண்ணைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, நேரம். பள்ளி விட்டதும் பையன் மைதானத்துக்கோ, ஆற்றுக்கோ, பேருந்து நிலையத்துக்கோ போகலாம். பெண் பிள்ளை வீட்டுக்குத்தான் வரவேண்டும். வீட்டு வேலையும் செய்கிறாள், மீதி நேரத்தில் புத்தகத்தைத் திறக்கிறாள். கைப்பேசியிலும் இந்த வித்தியாசம் உண்டு. அதே அசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக போன் வைத்திருப்பவர்கள் ஆண் பிள்ளைகளில் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகளில் 19.8 சதவீதம். கட்டுப்பாடு அநியாயமானது. ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் அது வேறு விதமாக வெளிப்படுகிறது.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். தோற்றால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பில் தோற்ற பையனுக்கு "சரி விடு, ஏதாவது வேலைக்குப் போ" என்ற வழி இருக்கிறது. தோற்ற பெண்ணுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் மில் வேலை அல்லது கல்யாணம். படிக்கிற வரைக்கும்தான் பெண் கேட்டு வருபவர்களிடம் "புள்ள படிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்ல முடியும். அதனால் அவளுக்குத் தேர்ச்சி என்பது வெறும் மதிப்பெண் அல்ல, இன்னும் இரண்டு வருட அவகாசம்.

மாணவர்கள் எங்கே போகிறார்கள்?

கம்பம் பள்ளத்தாக்கு வறண்ட பூமி அல்ல. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திராட்சை, சின்னமனூர் பக்கம் வாழை, மலைக்கு மேலே ஏலம், மிளகு, காபி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவு விளைகிற இடத்தில் வேலைக்குப் பஞ்சம் இல்லை. அதுதான் மாணவர்களுக்குச் சிக்கலாகிறது. தார் சுமக்க, லோடு ஏற்ற, பழம் பேக்கிங் செய்ய, ஜீப்பில் கிளீனராகப் போக 15, 16 வயதுப் பையனுக்கும் கூலி கிடைக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே கையில் காசு. படித்து முடித்த அண்ணன் வேலை தேடி அலைவதைப் பார்க்கும் பையனுக்கு, "படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது என்று 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஆனால் சனி, ஞாயிறு வேலை, சீசன் வேலை என்று தொடங்குவது மெல்ல மெல்ல முழுநேர வேலையாகிவிடுகிறது.

இது தேனிக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. ஆண் பிள்ளைகள் படிப்பிலிருந்து விலகுவதைப் பற்றி யுனெஸ்கோ 2022-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம், வகுப்பறையில் அடி, 'ஆம்பளைக்குப் படிப்பு எதுக்கு' என்ற மனநிலை ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டிக்காட்டியது.

ஏலத்தோட்ட ஜீப்பும் மூத்த மகளும்

மாணவிகளின் பக்கத்திலும் எல்லாம் நன்றாக இல்லை. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் விடியற்காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. அதில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி சுற்றுவட்டார ஊர்களின் வீட்டுப் பொருளாதாரமே இந்தக் கூலியில்தான் ஓடுகிறது.

அம்மா இருட்டோடு கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பினால் வீட்டை யார் பார்ப்பது? மூத்த மகள்தான். தம்பி, தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சோறு வடித்துவிட்டு அவள் பள்ளிக்கு வரவேண்டும். பறிப்பு சீசனில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் லீவு போடுவது அவள்தான். தேர்ச்சிப் பட்டியலில் முன்னால் இருக்கும் மாணவிகள் இந்தச் சோலிகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் முந்துகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கம் பஞ்சாலைகள். மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துப்போய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் 'சுமங்கலித் திட்டம்' பல ஆண்டுகள் விமர்சிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் தோற்ற பெண்களைத் தேடித்தான் முகவர்கள் வந்தார்கள்.

குழந்தைத் திருமணம் குறைந்துவிட்டதா?

குறைந்திருக்கிறது, முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்திருக்கிறது. எட்டில் ஒருவர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைவதற்கு முன்பு செய்யும் திருமணம் குற்றம்.

அரசுத் திட்டங்கள் மாறிய விதமும் இதோடு தொடர்புடையது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989-ல் தொடங்கியபோது, 8-ஆம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் என்பதுதான் ஏற்பாடு. பிறகு தகுதி பத்தாம் வகுப்பானது. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கமும், பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டதாரிக்கு 50,000 ரூபாய் என்றும் ஆனது. 2016-ல் தங்கம் 8 கிராமானது.

2022-ல் அந்தத் திட்டம் திருமண உதவியிலிருந்து உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அதுதான் 'புதுமைப் பெண்'. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம், கல்லூரிக்குக் கொடுக்கப்படுகிறது.

கணக்கில் யார் கெட்டி?

வாசிப்பில் மாணவிகள் முன்னால் என்றால், கணக்கில் நிலைமை வேறு. 2022 பீசா தேர்வில் வளர்ந்த நாடுகளின் சராசரியில் மாணவர்கள் 9 புள்ளிகள் முன்னால் இருந்தார்கள். 2023 அசர் ஆய்விலும் கணக்கிலும் ஆங்கில வாசிப்பிலும் ஆண் பிள்ளைகளே கொஞ்சம் முன்னிலை.

இது மூளை சம்பந்தப்பட்டது அல்ல என்பதற்கு ஆதாரம் எளிது. நாட்டுக்கு நாடு இந்த வித்தியாசம் மாறுகிறது. சில நாடுகளில் மாணவிகளே கணக்கிலும் முந்துகிறார்கள். கடைக்குப் போவது, கூலிக் கணக்கு பார்ப்பது, டியூஷனுக்குத் தனியாகப் போவது, 'நீ இன்ஜினீயர் ஆகணும்' என்று கேட்டு வளர்வது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வித்தியாசம்.

இதன் விளைவு பெரிய நுழைவுத் தேர்வுகளில் தெரிகிறது. ஐ.ஐ.டி.களில் மாணவிகள் மிகக் குறைவாக இருந்ததால், 2018 முதல் அவர்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, 2020-ல் மாணவிகளின் பங்கை 20 சதவீதமாக்குவது இலக்காக வைக்கப்பட்டது. பிளஸ் 2-வில் முந்துகிற அதே மாணவிகள்தான் இங்கே ஐந்தில் ஒருவராக இருக்கிறார்கள். வெளியூர் கோச்சிங் சென்டருக்கும் விடுதிக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்யும்போது, "பையனுக்குச் செய்வோம்" என்று வீடுகள் முடிவெடுப்பது முக்கியமான காரணம்.

கல்லூரி எவ்வளவு தூரம்?

ஒரு காலத்தில் இந்தப் பகுதிப் பெண்களுக்குக் கல்லூரி என்றாலே மதுரைதான். 1948-ல் தொடங்கிய லேடி டோக், 1953-ல் தொடங்கிய பாத்திமா போன்ற மகளிர் கல்லூரிகளில் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். அந்த வசதி சில குடும்பங்களுக்குத்தான் இருந்தது.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்தது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, தேனி அருகே வடபுதுப்பட்டியில் நாடார் சரஸ்வதி கல்லூரி, கம்பத்தில் ஆதி சுஞ்சனகிரி மகளிர் கல்லூரி என்று மாவட்டத்துக்குள்ளேயே மகளிர் கல்லூரிகள் உருவாயின. கொடைக்கானலில் 1984-ல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி, போடி அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை பிறகு வந்தன.

காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்ததும் நிறைய வீடுகளின் கதவு திறந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் கைகொடுத்தது.

மாநில அளவில் இதன் பலன் தெரிகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. தமிழ்நாட்டில் பெண்கள் 47.3, ஆண்கள் 46.8. கல்லூரி வாசலிலும் பெண்களே ஒரு படி முன்னால்.

ஆனால் என்ன படிக்கிறார்கள் என்பதில் பிரிவு இருக்கிறது. பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி., பி.எட்., நர்சிங் பக்கம் பெண்கள் அதிகம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பக்கம் ஆண்கள் அதிகம். 'வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கோ அதைப் படி' என்பது மகள்களுக்கு மட்டும் சொல்லப்படும் அறிவுரை.

டிகிரி கையில், அடுத்து?

இங்கேதான் கதை தலைகீழாகிறது. 2023-24 தொழிலாளர் ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். பெண்களில் அது 41.7 சதவீதம்.

தமிழ்நாடு இதில் மற்ற பல மாநிலங்களைவிட மேல். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை, திருப்பூர் பக்கம். தேனியில் பி.காம். முடித்த பெண்ணுக்கு உள்ளூரில் கிடைப்பது பெரும்பாலும் துணிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை வரவேற்பு மேஜை. வெளியூர் போகவேண்டும் என்றால் மறுபடியும் அதே கேள்வி: "தனியாவா அனுப்புறது?"

வீட்டு வேலையும் காத்திருக்கிறது. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிடங்கள்.

இலங்கையிலும் இதே நிலைதான். அங்கே பல்கலைக்கழக மாணவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆனால் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. படிப்பில் சமத்துவம் வந்தால் வேலையில் தானாக வந்துவிடாது என்பதற்கு அது கண்முன் இருக்கும் உதாரணம்.

அரசு வேலையில் மட்டும் ஒரு வாசல் அகலமாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் கொண்டுவரப்பட்ட பெண்களுக்கான 30 சதவீத இடஒதுக்கீட்டை 40 சதவீதமாக உயர்த்துவதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. தேனி, கம்பம் நூலகங்களில் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் நம்பியிருப்பது இந்த வாசலைத்தான்.

மாணவர்களுக்கு என்ன திட்டம்?

ஆண் பிள்ளைகளின் பின்னடைவையும் அரசு இப்போது தனியாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கோவையில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. புதுமைப் பெண் போலவே, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்.

ஆனால் இந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் பையன்கள் நழுவுவது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில். அங்கே தேவைப்படுவது வாசிப்புப் பயிற்சி, தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்கும் ஏற்பாடு, தோற்றவர்களை உடனே துணைத் தேர்வு எழுத வைப்பது ஆகியவைதான்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

• பத்தாம் வகுப்பு, பிளஸ் 2-வில் தோற்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கும். தோற்ற பாடத்தை மட்டும் எழுதி, அதே ஆண்டில் மேல் வகுப்பில் சேரலாம். பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

• புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைக்குக் கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பு மட்டுமல்ல, டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்பவர்களுக்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

• மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மகளுக்கும் சேர்த்துத்தான்.

• பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை போட்டிருந்தால், 18 வயது நிறைந்த பிறகு முதிர்வுத் தொகை கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

• படிப்பு, தேர்வு பயம், மேற்படிப்பு குறித்த சந்தேகங்களுக்கு 14417. குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர் குறித்துச் சொல்ல 1098. பெண்களுக்கான உதவிக்கு 181. தகவல் சொல்பவரின் பெயர் வெளியே வராது.

ஆக, யார் ஜெயித்தது?

'மாணவிகள் முந்தினார்கள்' என்ற செய்தி உண்மைதான். ஆனால் அது பாதிச் செய்தி. பையன் பதினைந்து வயதில் கூலிக்குப் போய்விட்டால், முப்பது வயதிலும் அதே கூலிதான். பெண் இருபத்தொரு வயதில் டிகிரி வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், அவள் படித்த படிப்பு பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடத்தான் உதவும்.

ஒருவர் பள்ளிக்குள் தங்கவில்லை. இன்னொருவர் பள்ளிக்கு வெளியே போக வழியில்லை. அடுத்த மே மாதம் முடிவுகள் வரும்போது, எத்தனை சதவீதம் என்பதோடு சேர்த்து, போன வருடம் தேர்ச்சி பெற்ற பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள், தோற்ற பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.